உட்கார்ந்து செய்கிற வேலை

எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் உட்கார்ந்து செய்கிற ஒரு வேலை. கண்ணாடிக் கட்டடமும் காரும் என் கனவில் வந்ததே இல்லை. நாற்காலி வந்திருக்கிறது. முதுகு சாய்கிற நாற்காலி.

இபாடான் நகரத்தில் டுக்பே சந்தைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். நிற்பதுதான் அங்கே வேலை, மாத்திரை எடுத்துக் கொடுப்பது அதற்கப்புறம். சாயங்காலம் ஆவதற்குள் கால் இரண்டும் அவித்த கிழங்கு மாதிரி ஆகிவிடும். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்திருக்கிற கடைக்காரியைப் பார்த்தால் வியாபாரம் தூங்கிவிடும் என்று முதலாளி அதைத் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஸ்டூலில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, நன்றாக இருக்கட்டும்.

அந்தக் கோபத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தச் சான்றிதழ் படிப்பு. எங்கோ தொலைவில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணித் திணறுகிறவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே உதவி சொல்கிற வேலைக்கான சான்றிதழ். மேசை, விளக்கு, புத்தகம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். வாடகைக் காரில் முன்சீட்டில் இன்னொருத்தி மடிமேல் பாதியாக நசுங்கிக்கொண்டு, ஒரு காதில் மாட்டிய கருவியில் பாடம் கேட்டேன். என் வாழ்நாளில் பிரிண்டர் வைத்திருந்ததில்லை. ஆனால் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கோபமாக வருகிறவர்களைச் சமாதானப்படுத்துவது எப்படி என்று தனியாக ஒரு பாடம் இருந்தது. அது மட்டும் எனக்குத் தேவைப்படவில்லை. மருந்துக்கடையில் நின்றவளுக்குத் தெரியாத கோபமா?

அயர்லாந்துக் கம்பெனி ஒன்று என்னிடம் பேசிப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்றது. மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் காட்டினால் வேலை எனக்கு. தேர்வுக் கட்டணத்தைப் பெண்களுக்கான ஒரு அறக்கட்டளை கட்டியிருந்தது, ஒரே ஒரு முறைக்கு. தவறினால் மறுபடி கவுண்டர்தான்.

தேர்வையும் வீட்டிலேயே எழுத வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, நான் வாயைத் திறக்கக்கூடாது, முகம் கேமராவை விட்டு நகரக்கூடாது. இந்த விதியை எழுதிய புண்ணியவான் ஒரே ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்க வேண்டும். நடுவில் ஒரு நீள நடை, இரண்டு பக்கமும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் பொதுவாகப் பின்னால் ஒரு குழாய். பல் துலக்கிவிட்டுத் திரும்புவதற்குள் ஊர்ப்பட்ட வாழ்த்து வந்து விழும். நல்லா விடிஞ்சுதா, வேலை நடக்கட்டும், உக்காந்திருக்கியா நல்லா உக்காரு, களைப்பு தீரட்டும். ஒருத்திக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அன்று மாலையே பஞ்சாயத்து. அதுவும் மூத்தவர்கள் என்றால் வாய் போதாது. பெண்கள் மண்டியிட வேண்டும், ஆண்கள் குப்புற விழ வேண்டும்.

எனவே தேர்வுக்கு முந்தின நாள் அறை அறையாகப் போனேன். வாசலில் மிளகாய் அரைக்கும் மிஷின் வைத்திருக்கிற சிகிராவின் அம்மாவிடம்தான் பெரிய வழக்கு.

"அக்கா, நாளைக்குக் காலைல மட்டும் என் கதவுப் பக்கம் வந்து ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் மிளகாய்க் கையை அப்படியே இடுப்பில் வைத்தாள். "ஏன்டி, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. பரீட்சை எழுதப் போறேன்."

"பரீட்சைன்னா வாழ்த்தக் கூடாதா? எந்த ஊருப் பரீட்சை அது? நாங்க செத்தவங்களுக்கே வாழ்த்து சொல்றவங்க."

"கம்ப்யூட்டருக்குள்ள ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருப்பாருக்கா. பேச்சு சத்தம் கேட்டா பரீட்சைய நிறுத்திருவாங்க."

"அப்ப அவருக்கும் சேத்து ஒரு வாழ்த்து சொல்லிடறேன். சரியாப் போச்சு."

"அக்கா!"

"சரிடி, அழுதுடாத. மிஷினையும் நிறுத்தி வைக்கறேன். வேலை கிடைச்சா அந்த அயர்லாந்துக்காரனை என் மிளகாய வாங்கச் சொல்லு."

என் கணவர் அகின்லாபி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எங்கள் மகள் இரெத்தியையும் மற்ற பிள்ளைகளையும் இறக்கிவிட்டு வந்து, கதவுக்கு வெளியே தானே காவல் நிற்பதாகச் சொன்னார். "ஒரு கோழி உள்ள போகாது, இரெத்தி அம்மா. நீ நிம்மதியா எழுது" என்றார்.

ஒரு வேலையை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே செய்து தொலைத்தோம். பரீட்சை என்றால் பெரியவர்களிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? ஒக்போமோஷோவில் இருக்கும் என் அப்பாவின் அக்காவுக்குப் போன் போட்டு, எனக்காகப் பிரார்த்தனை செய்யச் சொன்னார் அகின்லாபி. நானும் பக்கத்தில் நின்று நாளையும் நேரத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அத்தை போனில் ஆசி சொல்லிவிட்டு வைக்கிறவள் இல்லை என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோனது.

காலையில் கேமராவைச் சுழற்றி அறையைக் காட்டினேன். கண்காணிப்பவருக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. திரையின் ஓரத்துச் சின்னப் பெட்டியில் எழுத்து மட்டும் வந்தது. கல்யாணப் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னார். கட்டிலுக்கு அடியில் காட்டச் சொன்னார். அங்கிருந்த மூட்டை என்ன என்று கேட்டார். "கிழங்கு மாவு. சாப்பிடுவதற்கு" என்று தட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்திருப்பார் போல. பிறகு கேள்விகள் வந்தன.

எல்லாம் தெரிந்த கேள்விகள். வெளியே மிஷின் சத்தமில்லை, குழாயடியில் பேச்சில்லை. இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்காக இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்துபோனது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் நடையில் அகின்லாபியின் குரல் கேட்டது. "அத்தை!" என்றார். அடுத்து ஒரு கனமான உடம்பு சிமெண்ட் தரையில் விழுகிற சத்தம்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெண்ணெடுத்த வீட்டுப் பெரியவள் வந்து நிற்கிறாள். என் காவல்காரர் மார்பு தரையில் பட, நீட்டிப் படுத்திருக்கிறார். அவள் ஆசி சொல்லி முடிக்காமல் அவர் எழக்கூடாது. அத்தையின் ஆசி சீக்கிரம் முடிந்த சரித்திரமே கிடையாது.

"நல்லா இருங்க மாப்பிள்ளை. உங்க வீடு நிறையட்டும், கை நிறையட்டும். எங்க என் பொண்ணு?"

"அத்தை, உள்ள போகாதீங்க அத்தை, பரீட்சை நடக்குது" என்று தரையிலிருந்து கிசுகிசுத்தார்.

"பரீட்சைக்குத்தானே நான் வந்ததே" என்று சொல்லி, படுத்திருந்தவரைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள் அத்தை.

என் முட்டி இரண்டும் என்னைக் கேட்காமலே நாற்காலியை விட்டு நழுவின. பிறந்ததிலிருந்து பழகிய முட்டி. பாதங்களை மேசைக்காலில் பின்னிக்கொண்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே இருந்தேன். பிரிண்டர் காகிதத்தை எடுக்கவில்லை, முதலில் எதைச் சோதிப்பாய் என்று கேள்வி.

"அனிகே" என்றாள் அத்தை.

நான் பிறந்தபோது அவள் வைத்த செல்லப்பெயர் அது. திதிலோலா என்று கடையில் கூப்பிடுவார்கள், இரெத்தி அம்மா என்று வீட்டில் கூப்பிடுவார்கள். அனிகே என்று கூப்பிட இப்போது உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். கூப்பிட்டால் மண்டியிட்டு அத்தை என்று சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

"அனிகே, அத்தை வந்திருக்கேன்மா."

முதுகைக் காட்டிக்கொண்டு கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. பார்வை என் கால்மேல் விழுந்திருக்க வேண்டும்.

"ஐயோ, கால் ஏன் இப்படி வீங்கிக் கிடக்கு? எம்பொண்ண இப்படிப் போட்டு அடிச்சு வச்சிருக்காங்களே. வாயத் திறக்கக்கூட தெம்பில்லையே."

பிறகு என் தோளில் கைவைத்து, எங்கள் குலத்தின் புகழைச் சொல்ல ஆரம்பித்தாள். களைத்த பிள்ளையைத் தேற்ற வேறு வழி அவளுக்குத் தெரியாது. "அனிகே, பெத்துப் பேணத் தகுந்தவளே. ஆறு குறுக்கே வந்தா ஆத்துக்கே வழி சொன்னவங்க பேத்தியே. விருந்தாளி வரும்வரைக்கும் அடுப்ப அணைக்காதவங்க வீட்டுப் பொண்ணே. ஒரு சுமைய இறக்கி வச்சிட்டு அடுத்த சுமைக்குச் சிரிச்சவளோட மகளே." ஆளே இல்லாத காட்டில் பாடுவது போல நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். எத்தனை வருடமாயிற்று இதைக் கேட்டு! என் கண்ணிலிருந்து கொட்டியது. துடைத்தால் கை முகத்தை மறைக்கும் என்று துடைக்கவும் இல்லை.

சின்னப் பெட்டியில் எழுத்து வந்தது. அறையில் இருப்பது யார்? என்ன சொல்கிறார்? தட்டுவதற்கு என் விரல் எழுந்தது, அதற்குள் திரை கறுப்பாகிவிட்டது. தேர்வு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி மட்டும் நின்றது.

இப்போது எழுந்து, திரும்பி, அத்தை முன்னால் மண்டியிட்டேன். வேறென்ன வேலை இருந்தது எனக்கு?

"உள்ள யாரும்மா இருந்தாங்க?" என்று கேட்டாள் அத்தை.

"யாரோ ஒருத்தர். போயிட்டாங்க அத்தை."

அவள் கறுப்புத் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னாலயா?" என்றாள். கையில் கொண்டுவந்த பொரித்த மீன் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

சட்டை முன்பக்கமெல்லாம் புழுதியாக அகின்லாபி கதவில் வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காவலுக்கு நின்னீங்களா, காவலுக்குப் படுத்தீங்களா?"

"உங்க அத்தை முன்னாடி நட்டமா நின்னு 'உள்ள போகாதீங்க'ன்னு சொல்லியிருந்தா, உங்க வீட்டு ஆளுங்க என்னை உயிரோட விட்டிருப்பாங்களா? நீயே சொல்லு இரெத்தி அம்மா."

எழுந்து நின்று தடுத்திருந்தால் நானே அவரை மன்னித்திருக்க மாட்டேன். அதுதான் எரிச்சலாக இருந்தது.

தேர்வு நடத்துகிறவர்களுக்கு முறையீடு அனுப்பினேன். பதில் வந்தது. அறைக்குள் வந்த நபர் அறியாத மொழியில் தொடர்ச்சியாக விடைகள் சொன்னதாகச் சந்தேகம், விளக்கம் தரவும். அவர்கள்மேலும் தப்பில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு கிழவி நிறுத்தாமல் ஒப்பிப்பதை நான் பார்த்திருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன். மறுநாள் கடையில் நின்றுவிட்டு வந்த காலோடு உட்கார்ந்து, அத்தை சொன்னதை வரி வரியாக மொழிபெயர்த்தேன். அடுப்பையும் ஆற்றையும் சுமையையும் முன்பின் தெரியாதவருக்கு அவருடைய மொழியில் தட்டத் தட்ட வெட்கமாக இருந்தது. ஊர் நடுவில் உடை மாற்றுகிற வெட்கம். கடைசியில் எழுதினேன்: "கேள்வி பிரிண்டரைப் பற்றியது. இதில் பிரிண்டர் எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இவை விடைகள் அல்ல. இவை என் பெயர்."

யார் படித்தாரோ தெரியாது. மாதம் முடிவதற்கு முன்பே, ஒரேயொரு முறை மறுபடியும் எழுதலாம், இனி அறைக்குள் எவரும் வரக்கூடாது என்று வந்தது.

அத்தை அதுவரை ஊருக்குத் திரும்பியிருக்கவில்லை. "நான் கவுத்தத நானே நிமுத்திட்டுப் போறேன்" என்று சொல்லி, தேர்வன்று சிகிராவின் அம்மாவுடைய ஸ்டூலை வாங்கி நடையின் வாசலில் போட்டு, விசிறியோடு உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாண்டாமல் யாரும் நடைக்குள் வர முடியாது. விழாமல் யாரும் அவளைத் தாண்ட முடியாது. விழுந்தவர் வாயைத் திறப்பதற்குள் விசிறியை உதட்டில் வைத்து, வந்த வழியே அனுப்பினாள். வாடகை கேட்க வந்த வீட்டுக்காரரும் விழுந்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவரைவிட அத்தை மூத்தவள், என்ன செய்வார் பாவம்! சத்தமில்லாமல் எழுந்து போனார்.

நான் தேறிவிட்டேன்.

போகும்போது அத்தை நடையில் நின்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கட்டளை போட்டாள். "அனிகே உக்காந்திருக்கிறப்ப யாரும் வாயத் திறக்கக் கூடாது. கேட்டுக்கிட்டீங்களா?" எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொள்வார்கள் என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள், நானும் நினைக்கவில்லை.

வேலை தொடங்கியது. அகின்லாபி எங்கேயோ மூடிப்போன அலுவலகத்திலிருந்து முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். கம்பெனியில் என் பெயரை திதி என்று வைத்துக்கொண்டார்கள், அது அவர்கள் வாய்க்குச் சுலபம். கால் வீக்கம் வடிந்தது. கடவுச்சொல்லை மறந்தவர்கள் வந்தார்கள். நான் ஒன்றுமே செய்யவில்லை, அது தானாகவே போச்சு என்று சத்தியம் செய்கிறவர்கள் வந்தார்கள். ஒருவரை முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தவர். இடையில் எத்தனை நேரம் சும்மா இருந்தேன் என்பதைக்கூட கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்ளும். உட்கார்ந்திருந்தாலும் ஆள் இப்படிக் களைத்துப் போவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காலில் இருந்த களைப்பு ஏறிப்போய்க் கண்ணிலும் கழுத்திலும் உட்கார்ந்துகொண்டது.

அதையும் பொறுத்துக்கொண்டேன், கேட்டு வாங்கிய வேலை. பொறுக்க முடியாதது வேறு. வேலை முடிந்து வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனால், பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். எதிரே வந்தவர்கள் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் பூனைநடை நடந்தார்கள். நான் எப்போது வேலையில் இருக்கிறேன், எப்போது இல்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? காதுக்கருவி கழுத்திலேயே தொங்குகிறது. அக்கா வேலை நடக்கட்டும் என்று நான் சொன்னால், சிகிராவின் அம்மா பதறிப்போய்க் கையை அசைத்து என் கதவைக் காட்டினாள். கருவி வழியாகப் பேச்சு யாருக்காவது கேட்டுவிட்டால் என் வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு. மரியாதைக்குத்தான் செய்தார்கள். எனக்கோ நான் செத்துப்போய் நடமாடுவதுபோல இருந்தது. செத்தவர்களுக்காவது வாழ்த்து உண்டு.

ஒரு நாள் வேலையை முடித்து, கம்ப்யூட்டரை மூடிவிட்டு, எழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். இரெத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். முன்பெல்லாம் கதவிலேயே முட்டி போட்டு, வந்துட்டேன்மா என்று கத்துகிற பிள்ளை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து, எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் பையை இறக்கினாள்.

"இரெத்தி, வந்ததும் அம்மாகிட்ட ஒண்ணும் சொல்றதில்லையா?"

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஆள் பாக்கறாரா?"

"யாரும் பாக்கல. மூடியாச்சு."

நம்பாமல் வந்து, மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து மண்டியிட்டாள். "வந்துட்டேன்மா. வேலைக் களைப்பு தீரட்டும்மா" என்றாள். சொல்லிவிட்டு எழாமல் அப்படியே காத்திருந்தாள். பிள்ளை மண்டியிட்டால் தாய் அதன் செல்லப்பெயரைச் சொல்லி எழுப்ப வேண்டும். நான் வாயைத் திறந்தேன்.

"உங்களுக்கு வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று வந்தது. கம்பெனிக்காரர்களின் மொழியில், கம்பெனிக்காரர்களின் குரலில், நாள் முழுவதும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம்.

இரெத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என் பேரச் சொல்லும்மா" என்றாள்.

கருவியைக் கழுத்திலிருந்து கழற்றிக் கட்டிலில் எறிந்தேன். "அவேரோ" என்று அவள் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அறைக்குள் கூப்பிடுகிற அளவுக்கு இல்லை, குழாயடிவரை கேட்கிற மாதிரி. "அவேரோ, ஆறு குறுக்கே வந்தா ஆத்துக்கே வழி சொன்னவங்க பேத்தியே. விருந்தாளி வரும்வரைக்கும் அடுப்ப அணைக்காதவங்க வீட்டுப் பொண்ணே." அழுகையும் சேர்ந்து வந்தது. நிறுத்தவில்லை. அத்தை எனக்குச் சொன்னது முழுவதையும் என் பிள்ளைக்குச் சொன்னேன்.

வாசலில் மிளகாய் மிஷின் நின்றது. அப்புறம் நடையின் அந்தக் கோடியிலிருந்து, தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது.

"இரெத்தி அம்மா, வேலை முடிஞ்சுதா? களைப்பு தீரட்டும்டி!"

நான் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தேன். சிகிராவின் அம்மா மிளகாய்க் கையோடு நின்றிருந்தாள். நடையின் நடுவில் மண்டியிட்டு, "முடிஞ்சுதுக்கா. உங்க மிஷின் ஓடட்டும்" என்றேன். உட்கார்ந்தே பழகிப்போன முட்டி, நன்றாகவே வலித்தது.